அஞ்சறைப் பெட்டியும் நெட்வொர்க் கார்டும்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் அம்மா சொல்லும் பதில் இது: "ஒயர்ல வர்றத வாங்கி உள்ள வெக்கிறான். அதுக்கு மாசா மாசம் சம்பளம் குடுக்கிறாங்க." பொறியியல் படித்து, பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, நெட்வொர்க் கார்டுகளுக்கு டிரைவர் எழுதுகிற நான், எந்த நேர்முகத் தேர்விலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கும்.

நான் எழுதுகிற டிரைவர் ஒரு மென்பொருள். கணினிக்குள் சொருகியிருக்கும் நெட்வொர்க் கார்டுக்கும், கணினியின் மூளையான பிராசஸருக்கும் நடுவில் நிற்பது. வெளியிலிருந்து வரும் தகவல் எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் வரும், பாக்கெட் என்போம். ஒரு பாக்கெட் வந்ததும் கார்டு மணி அடித்துப் பிராசஸரைக் கூப்பிடும். பிராசஸர் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் போய், எதில் விட்டோம் என்று தேடும். தேடி முடிப்பதற்குள் அடுத்த மணி அடிக்கும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் நான்தான் பிராசஸர்.

ஆரணியில் பவர்லூம் ஓடுகிற தெரு ஒன்றில், பின்பக்கம் இரண்டு அறை எங்களுடையது. அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். அம்மா பக்கத்து வீட்டுத் தறிகளுக்குப் பட்டு நூல் சுற்றித் தருகிறாள். இருவரும் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவர்கள். ஆகவே எழுத்து, எண், பொத்தான், திரை என்று எதுவுள்ள பொருள் வீட்டுக்குள் வந்தாலும் அது நேராக என்னிடம் வந்துவிடும்.

"டேய், போன்ல இன்னாமோ செவப்பா வருதுடா."

"சார்ஜ் இல்லம்மா. ஒயர சொருகு."

"சொருகினா பச்சையா வருது."

"அப்ப சரியா இருக்குது."

"சரியா இருக்குதுன்னா ஏன்டா கலர் கலரா காட்டுது?"

இது முடிந்து நான் திரையைப் பார்ப்பதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்திருப்பார். தறி முதலாளியின் மனைவி. "தம்பி, வேலையா இருக்கியா?" என்று கேட்பார்.

"ஆமாங்கக்கா."

"சரி சரி, நீ பாரு. ஒரே ஒரு ஓடிபி. அது வர்ற வரைக்கும் நான் சும்மாதான் உக்காந்துகினு இருக்கப் போறேன்."

ஓடிபி வரும். கூடவே ஒரு கேஸ் சிலிண்டர் பதிவும், அவருடைய தங்கை வீட்டுச் சீர்வரிசைப் படங்களும் வரும்.

அந்தச் சமயத்தில் நான் வேலையில் நிரந்தரமாகாமல் இருந்தேன். சோதனைக் காலம் முடியும் தறுவாயில் எனக்கு ஒரு புதுக் கார்டைக் கொடுத்து, அதற்கான டிரைவரை எழுதச் சொல்லியிருந்தார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் அதை இணையவழியில் பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் நான் நிரந்தரம், இப்போதுபோல் வீட்டிலிருந்தே வேலை. பிடிக்காவிட்டால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதிலேயே புரிந்தது. அப்பா வேறு, "உனக்கு நிரந்தரம்னு ஆவட்டும், மறுநாளே மூட்டைய உட்டுட்றேன்" என்று சொல்லிவைத்திருந்தார். குனிந்தால் நிமிர்வதற்கு அவருக்குச் சுவரோ, ஆளோ வேண்டியிருந்தது. அதனால் என் டிரைவர் சரியாக ஓடினால்தான் அப்பாவின் முதுகு நிமிரும் என்ற நிலைமை.

ஆனால் டிரைவர் ஓடவில்லை. சின்னச் சின்னப் பாக்கெட்டுகளைக் கூட்டமாக அனுப்பினால் பாதி காணாமல் போயிற்று. எங்கள் குழுவின் தலைவி வீடியோவில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன்னோட பிராசஸர் வேலையே பார்க்கலப்பா. வாசலுக்கும் உள்ளுக்குமா ஓடிக்கிட்டே இருக்கு. ஓடுறதே வேலைன்னு ஆயிடுச்சு."

"ஆமாங்க மேடம்," என்றேன். அந்த நேரத்தில் அம்மா கதவைத் தட்டி, பால்காரர் சில்லறை கேட்பதாகச் சொன்னாள்.

இதற்குத் தீர்வு உண்டு. நான் கண்டுபிடித்தது இல்லை, தொழிலில் எல்லாரும் செய்வதுதான். கூட்டம் வரும்போது மணியை நிறுத்திவிட வேண்டும். வருகிற பாக்கெட்டுகள் ரிங் என்கிற வட்ட வரிசையில் போய் உட்காரும். பிராசஸர் ஓய்ந்தபோது வந்து ஒரே நடையில் எல்லாவற்றையும் அள்ளிப் போகும். ரிங்கில் இடம் அளவானது. நிரம்பிவிட்டால் அடுத்து வருவது கீழே விழும். அதற்காக யாரும் நின்று அழுவதில்லை. மணி அடிப்பதற்கு முன் கார்டு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை ஓர் எண்ணாக வைத்திருந்தேன். எண்ணைக் கூட்டினேன். பிராசஸர் மூச்சுவிட்டது. இன்னும் கூட்டினேன். பாக்கெட் விழுவது நின்றது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். நல்ல காரியத்தை ஏன் பாதியில் நிறுத்த வேண்டும்?

அந்தச் சந்தோஷத்தில்தான் வீட்டுக்கும் ஒரு டிரைவர் எழுதலாம் என்று தோன்றியது.

அம்மாவிடம் ஒரு பழைய அஞ்சறைப் பெட்டி இருந்தது. பெயர்தான் அஞ்சறை, உள்ளே வட்டமாக ஏழு கிண்ணம். மிளகும் கடுகும் பிளாஸ்டிக் டப்பாவுக்குக் குடிபோனபின் சும்மா கிடந்தது. அதை என் அறைக் கதவுக்கு வெளியே வைத்தேன். குடும்பத்தைக் கூட்டி விளக்கினேன்.

"இனிமே என்னைக் கூப்பிடக் கூடாது. என்கிட்ட ஒரு வேலைன்னா, அதுக்கு அடையாளமா ஒரு சாமான இந்தக் கிண்ணத்துல போடுங்க. பால் சமாச்சாரம்னா பால் கவரு. அடுப்பு சமாச்சாரம்னா அடுப்போட திருகு. நான் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ வந்து, எல்லாத்தையும் சேத்துப் பாத்துட்றேன்."

"ஏழும் ரொம்பிப் போச்சின்னா?" என்றாள் அம்மா.

"எட்டாவத உட்டுடணும். அவ்ளோதான் ரூல்."

அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தீ புடிச்சா கூட இதுலதான் போடணுமா?"

"தீ புடிச்சா கூப்பிடலாம்பா."

"அத மொதல்ல சொல்லு. இல்லன்னா உங்கம்மா நெருப்புப் பொட்டிய கிண்ணத்துல வெச்சிட்டு உக்காந்துகினு இருப்பா."

"ஆமா, நீ மட்டும் உடனே ஓடிப்போயி அணைச்சிடுவ," என்றாள் அம்மா. "எழுந்திரிக்கவே உனக்கு ஆள் வோணும்."

திட்டம் பிரமாதமாக ஓடியது. நான் வெளியே வருவேன். ஒரு கிண்ணத்தில் பால் கவர், ஒன்றில் சட்டைப் பொத்தான், ஒன்றில் ரீசார்ஜ் முடிந்த போனே படுத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. ஒரு காலி நூல் கண்டைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, கதவுக்கு வெளியிலிருந்து குரல் கொடுப்பார்: "தம்பி, எங்க வூட்டுது ஒண்ணு உள்ள இருக்குது, மறந்துடாத!"

"கூப்பிடக் கூடாதுங்கக்கா, அதுக்குத்தான் பெட்டி."

"நான் எங்க கூப்ட்டேன்? உள்ள இருக்குதுன்னு சொன்னேன்."

இதையும் மீறி எனக்கு வேலை நேரம் மிஞ்சியது. ஆகவே ஒரு மணி நேரம் என்பதை இரண்டாக்கினேன். பிறகு காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. என் போனையும் சத்தமில்லாமல் ஆக்கி அலமாரிக்குள் வைத்தேன். டிரைவரில் இருந்த எண்ணும் வீட்டில் இருந்த எண்ணும் போட்டி போட்டுக்கொண்டு ஏறின.

வாடிக்கையாளர் பார்க்கும் நாள், ஆயுத பூஜைக்கு முந்தின நாளாக அமைந்தது. நேரம் மாலை. அன்று எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். தறியைத் துடைப்பார்கள், மோட்டாரைத் துடைப்பார்கள், மிதிவண்டியைக் கழுவுவார்கள். பூஜை நாளில் கருவிகள் எல்லாம் சுத்தமாக, பொட்டு வைத்து, வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் பார்ப்பதற்கு முந்தின நாள் மாலையில், மேடம் கார்டின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னதால், நான் ஒரு கணினியிலிருந்து அதைக் கழற்றிப் படம் எடுத்து, திரும்பச் சொருகக் காலையில் நேரம் இருக்கிறது என்று முன்னறைப் பலகையில் வைத்திருந்தேன். இந்தியாவுக்கு வந்திருந்த மாதிரிக் கார்டுகள் இரண்டே இரண்டு. இரண்டும் எங்கள் வீட்டில்தான் இருந்தன. ஒன்று அனுப்புவதற்கு, ஒன்று வாங்குவதற்கு.

பெட்டிப் பக்கம்கூடப் போகாமல் காலை முழுக்கக் கணக்குகளைச் சரிபார்த்தேன். கார்டைச் சொருகலாம் என்று வெளியே வந்தபோது மதியமாகிவிட்டது. பெட்டி நிறைந்திருந்தது. வரிசையாக எடுத்தேன்.

"பால் கவரு?"

"பால் திரிஞ்சி போச்சி. வேற வாங்கியாச்சி."

"திருகு?"

"கேஸ் தீந்துடும் போல இருக்குது."

நூல் கண்டு, பொத்தான், ரேஷன் அட்டை, ஒரு செருப்பு வார் என்று தாண்டி ஏழாவது கிண்ணத்துக்கு வந்தேன். ஒரு உருண்டை புளி.

"இது இன்னாம்மா?"

"அது காலைலயே போட்டது. நாளைக்குப் பூசைக்கு விளக்கு, சொம்பு எல்லாம் தேச்சிகினு இருந்தேனா. பலகை மேல உன்னோட பச்சைத் தகடு இருந்துச்சி. ஒரு ஓரமா பித்தளைப் பல்லு வரிசையா இருந்துச்சி, மங்கிப் போயி. அதையும் தேய்க்கட்டுமான்னு உன்ன கேக்கலாம்னு போட்டேன்."

"கேக்கலாம்னு போட்ட. அப்புறம்?"

"நீ வரவே இல்ல. சொம்பு எல்லாம் முடிஞ்சிது. கையில புளி மீதி இருந்துச்சி."

கார்டு பின்பக்கம் வெயிலில் இருந்தது. ஒருபக்கம் குத்துவிளக்கு, மறுபக்கம் அப்பா மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி. நடுவில், சுவரில் சாய்ந்து, குளித்து முடித்த மாப்பிள்ளை மாதிரி அது. அம்மா பித்தளை என்று நினைத்த தங்க முலாம் பற்கள் பளபளவென்று மின்னின. பெரிய சிப்பின் பக்கத்தில் சந்தனம் வைத்து, நடுவே குங்குமப் பொட்டு. பற்களின் இடுக்கில் புளி நார்.

"அம்மா! இதுல தண்ணி படக் கூடாதும்மா!"

"அத ஒரு சாமான போட்டு சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள். அவள் கிண்டல் செய்கிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "அப்புறம், இன்னொண்ணு இருக்குதுடா. எட்டாவது. எடம் இல்லன்னு போடல."

"இன்னா?"

"உங்க ஆபீஸ் மேடம் என் போனுக்கு பேசினாங்க. நீ எடுக்கலியாம். மீட்டிங்க சாயந்தரத்துல இருந்து சாப்பாட்டு நேரத்துக்கு மாத்திட்டாங்களாம். நல்லா மரியாதையா பேசினாங்க."

"இத ஏம்மா சொல்லல!"

"நீதான சொன்ன, எட்டாவத உட்டுடணும்னு?"

சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்பதை, சாப்பிட வந்த அப்பாவே நிரூபித்தார். வாசலிலேயே நிலைமையைக் கேட்டுக்கொண்டு, "தண்ணி பட்டா அரிசில பொதச்சி வெக்கணும். மில்லுல எல்லாரும் போனுக்கு அதத்தான் செய்யறாங்க. ஜல்தியா ஒரு மூட்டை எடுத்தாறட்டுமா?" என்றார்.

"ஒரு மூட்டையா? ஒரு கார்டுக்கு?"

"படி அளவுக்கு எல்லாம் மில்லுல கேட்டா சிரிப்பாங்கடா."

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா, "பச்சரிசிதான் ஈரத்த இழுக்கும்" என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா பேசற? புழுங்கல் அரிசி எத்தினி ஈரம் பாத்தது, அதுக்குத் தெரியாததா பச்சரிசிக்குத் தெரியும்?" இருவரும் அதில் இறங்கிவிட்டார்கள்.

இரண்டு அரிசியின் தவிடும் பற்களில் போய் உட்காரும் என்று சொல்ல எனக்கு நேரமில்லை. புளியைப் போக்க வேண்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு ஆகாது. "அக்கா, உங்க வூட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தற தண்ணி கேன் இருக்குதுங்களா?" என்றேன். அவர் பச்சரிசி வாதத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

அந்தத் தண்ணீரில் பழைய பல் துலக்கியை நனைத்து நார் நாராக எடுத்தேன். அம்மா டேபிள் ஃபேனைப் பிடித்துக்கொண்டாள். அப்பா வெயில் இருக்கும் இடம் பார்த்து எங்கள் எல்லாரையும் நகர்த்திக்கொண்டே இருந்தார். குங்குமத்தை நான் துடைக்கப் போனபோது அம்மா கையைப் பிடித்துவிட்டாள். "பொட்டுல இன்னாடா தண்ணியா இருக்குது? வெச்சத அழிக்காத." சண்டை போட நேரமில்லை. மேடத்தை அழைத்து, மின்சாரம் சரியில்லை, கொஞ்சம் நேரம் வேண்டும் என்றேன். ஆரணியில் அந்தக் காரணத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஈரம் கண்ணுக்குத் தெரியாத வரை காயவைத்து, சொருகி, சுவிட்சைப் போட்டேன். கார்டில் பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தியா, பளிச்சுன்னு எரியுது," என்றாள் அம்மா.

வாடிக்கையாளர் திரையில் வந்தார். கணினியின் மூடி திறந்தே இருந்தது. கேமராவைக் கார்டின் மேல் திருப்பச் சொன்னார். அருகில் வந்து பார்த்தார். அந்தச் சிவப்புப் புள்ளி என்ன, சூடு ஏறினால் நிறம் மாறும் அடையாளமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் முந்திக்கொண்டு, அது உள்ளூர்த் தர ஆய்வின் முத்திரை என்றார். வாடிக்கையாளர் மரியாதையாகத் தலையாட்டினார்.

பாக்கெட்டுகளைக் கூட்டமாக அனுப்பினோம். ஒன்றுகூட விழவில்லை. அவர் புருவத்தை உயர்த்தினார். நான் மனசுக்குள் அப்பாவின் கொக்கியை ஆணியில் மாட்டினேன். அப்புறம் அவர், "இப்போது ஒரே ஒரு பாக்கெட்டை அனுப்புங்கள், பதில் வரும் நேரத்தைப் பார்ப்போம்" என்றார்.

அனுப்பினேன். பதில் வந்தது; ஆனால் ஆடி அசைந்து வந்தது. இன்னொன்று அனுப்பினேன். அதுவும் அப்படியே. கணினியில் வேறு வேலையே இல்லை. கம்பி காலியாகக் கிடக்கிறது. அப்படியும் ஒற்றைப் பாக்கெட் ஒரு கூட்டத்துக்கான நேரம் முழுதும் உட்கார்ந்து எழுந்து வருகிறது.

"இது ஏன் இவ்வளவு லேட்?" என்று மேடம் தமிழில் கேட்டார். குரலில் கவலை இருந்தது.

எனக்கு அந்தக் கணத்தில் தெரிந்துவிட்டது. கூட்டத்துக்காக வைத்த விதியைத் தனியாக வருகிறவன் மேலும் போட்டிருந்தேன். காலையில் பெட்டி காலியாக இருந்தபோதே தனியாக வந்து, மதியம் வரைக்கும் கிண்ணத்தில் கிடந்த புளிதான் அந்தப் பாக்கெட்.

"மேடம், எங்க வீட்டுலயும் இன்னிக்கு இதேதான் ஆச்சு மேடம்," என்றேன்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல மேடம். காத்திருக்கும் நேரம் அதிகமா வெச்சிட்டேன். கூட்டம் இருக்கோ இல்லையோ, ஒரே அளவு. அதுதான் தப்பு."

எண்ணைக் குறைத்தேன். ஒற்றைப் பாக்கெட் பாய்ந்து வந்தது. கூட்டத்தை அனுப்பியதும் மறுபடியும் பாக்கெட்டுகள் விழ ஆரம்பித்தன. வாடிக்கையாளர் இரண்டையும் பார்த்தார். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்றார். இல்லை, ஒவ்வொரு நடையிலும் எத்தனை வந்தது என்று டிரைவரே பார்த்து, கொஞ்சமாக வந்தால் உடனே மணி அடிக்கவும், கூட்டமாக வந்தால் மணியை நிறுத்தவும் செய்ய வேண்டும், எழுதித் தருகிறேன் என்றேன். விடுமுறை முடிந்ததும் பார்ப்போம் என்று கிளம்பினார். மேடம் போகும்போது, "எழுதிடுவே இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

எழுதியிருப்பேன். ஆனால் மறுநாள் ஆயுத பூஜை. காலையில் எழுந்து பார்த்தபோது இரண்டு கணினிகளும் மாலை போட்டுக்கொண்டு, பொரிகடலைத் தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் என் பேனாவும், கல்லூரிப் புத்தகங்களும்.

"அம்மா, அவசரம்மா. கொஞ்ச நேரம் மட்டும்."

"தொட்ட, கையை ஒடச்சிடுவேன். நாளைக்குக் காலைல பூசை பண்ணிட்டு எடுத்துக்கோ."

"ஆலையே இன்னிக்கி நிக்குது," என்றார் அப்பா. "உன் டப்பா நிக்காதா?"

தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. அந்த அமைதியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, டிரைவரை மனசுக்குள் வரி வரியாக எழுதினேன். அம்மா கடந்து போகும்போதெல்லாம் நின்று பார்த்தாள். "இன்னாடா, வாய் முணுமுணுன்னுது? மந்திரமா?"

"வேலை செய்யறேம்மா."

"பூசை அன்னிக்கா? நெனைக்கவும் கூடாது. சுண்டல் சாப்பிடு."

சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே நினைத்தேன். விஜயதசமி காலை, கற்பூரம் அணைந்ததும் உட்கார்ந்து தட்டினேன். முதல் ஓட்டத்தில் கணினி அப்படியே உறைந்தது. மணியை நிறுத்தினேனே தவிர, கூட்டம் கலைந்தபின் திரும்பத் திறந்துவிட மறந்திருந்தேன். அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். ஒற்றைப் பாக்கெட்டும் பாய்ந்தது, கூட்டமும் விழாமல் வந்தது.

வாடிக்கையாளர் மறுபடியும் பார்த்தார். இந்த முறை கேள்வி கேட்கவில்லை. சில நாளில் மின்னஞ்சல் வந்தது. அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்துத் தமிழில் வாசித்தேன்.

"நிரந்தரம்னு போட்டுகிறாங்களா?" என்றார் அப்பா.

"போட்டிருக்குதுப்பா."

"அந்த எடத்த மட்டும் இன்னொரு தபா படி."

படித்தேன். அவர் எழுந்து, சுவரைப் பிடித்து நிமிர்ந்து, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இனிமேல் மூட்டைக்கு வரவில்லை என்று மேஸ்திரியிடம் சொல்வதற்காக ஆலைக்குப் போனார். அம்மா கேசரி கிளறினாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து, ஓடிபி எதுவும் இல்லாமலே உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட்டுப் போனார். அப்பா வரவில்லை. இருட்டுகிற நேரத்தில் வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கத் தவிடு.

"சொல்லிட்டியாப்பா?"

"அத சொல்லிகினு இருக்கும்போதே நெல்லு லாரி வந்துடிச்சிடா," என்றார். "ஆள் இல்லாம முழிச்சிகினு இருந்தானுங்க. பாத்துகினு எப்டி சும்மா வர்றது?"

"அய்யே, இது ஒரு பேஜாரு," என்றாள் அம்மா, கேசரியை நீட்டியபடி. "நாளைக்காவது போன உடனே சொல்லு. லாரி வர்றதுக்கு முந்தி."

மறுநாள் கிளம்பும்போது அவர் பழைய சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனார். இது அறுவடைக் காலம். லாரிகள் வரிசையில் நிற்கின்றன. அப்பா இன்னும் சொல்லி முடிக்கவில்லை.